கருப்பனும் வள்ளியும் தமிழ் பேச 38 வருடம்

கருப்பனுக்கும் வள்ளிக்கும் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. திருநெல்வேலிச் சீமையில் மயிலோடை அவர்கள் ஊர். வானம் பார்த்த பூமி. பஞ்ச காலத்தில், வேலை தருகிறேன் என்று வந்த மேஸ்திரியின் பேச்சை நம்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்புகிறார்கள். வருடக் கடைசியில் கையில் காசோடு ஊர் திரும்பிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. மேஸ்திரியின் கணக்கு வேறு.

ஆனால், இந்த இருவரும் புத்தகத்தில் முதன்முதலாக வாய் திறந்தபோது பேசியது ஆங்கிலம்!

அந்தப் புத்தகம் 'ரெட் டீ'. 1969இல் சென்னை ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட நாவல். எழுதியவர் பி.எச்.டேனியல் என்ற டாக்டர். கருப்பனும் வள்ளியும் தங்கள் சொந்த மொழியில் பேச 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம்தான் இரா.முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழில் வந்தது. நடுவே 38 வருடம். அதற்குள் கருப்பன் வயதுக்காரர்களில் அநேகமாக எல்லோருமே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

தமிழ் நாவல் ஒன்று வெளிநாட்டில் பேசப்பட்டால் நாம் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். பெருமாள்முருகனின் 'பூக்குழி', அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில் 2023ஆம் ஆண்டு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றபோது செய்தித்தாள்கள் முதல் வாட்ஸ்அப் குழுக்கள் வரை பெருமையாகப் பகிர்ந்துகொண்டன. ஆனால், ஊரைவிட்டு வெளியே போகும் பயணத்துக்குத்தான் இந்த மேளதாளம். வெளியே பிறந்த கதை ஒன்று தன் சொந்த ஜனங்களின் வீட்டுக்குத் திரும்பி வரும்போது வாசலில் யாரும் ஆரத்தியோடு நிற்பதில்லை. நியாயமாகப் பார்த்தால் அதுதான் கஷ்டமான பயணம்.

டேனியல் 1940களில் வால்பாறை எஸ்டேட் பகுதிக்கு மருத்துவராக வந்தவர். தோட்டத் தொழிலாளர்களின் சங்கப் பணியிலும் இறங்கியவர். நாவலின் கதை நடப்பதோ 1920களில். அவர் மலை ஏறுவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. வயதான தொழிலாளர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த விஷயங்கள்தான் நாவலாகின. ஒரு டாக்டரிடம் நோயாளி எதையும் மறைக்க மாட்டார். மலேரியா எப்போது வந்தது என்று கேட்டால், அந்த வருடம் யார் யார் செத்தார்கள் என்று சொல்வார். ஏன் ஊருக்குப் போகவில்லை என்று கேட்டால், கடன் எவ்வளவு என்று சொல்வார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த முதியவர்கள் டாக்டரிடம் தமிழில்தான் பேசியிருப்பார்கள். கேட்ட தமிழை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். ஆக, 'ரெட் டீ' பிறக்கும்போதே பாதி மொழிபெயர்ப்பு. அதன் மூலப்பிரதி எந்த அலமாரியிலும் கிடையாது. அது தொழிலாளர்களின் வாயில் இருந்தது.

ஏன் ஆங்கிலம்? அதைப் பெரிய குற்றமாகச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் எஸ்டேட் நிர்வாகத்தின் மொழி ஆங்கிலம். கணக்கும் கடிதமும் சட்டமும் ஆங்கிலத்தில் நடந்தன. தோட்டத்துக் கொடுமை யார் காதில் விழ வேண்டுமோ, அவர்களுக்குப் புரிகிற மொழியில் எழுதுவது ஒரு வகை புகார் மனு. இலங்கையில் சி.வி.வேலுப்பிள்ளையும் அதைத்தான் செய்தார். மலையகத்தில், மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த தமிழர் அவர். தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிய புகழ்பெற்ற நெடுங்கவிதையை ஆங்கிலத்தில்தான் எழுதினார். பின்னால் சக்தி அ.பாலையா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். கொழுந்து பறித்தவர்களின் கதை ஆங்கிலம் போய்ச் சுற்றிக்கொண்டு தமிழுக்கு வந்தது இரண்டு நாட்டிலும் நடந்திருக்கிறது.

பிறக்கும்போதே தமிழாக இருந்த தேயிலைக் கதையும் உண்டு. அதுவும் திருநெல்வேலிக்காரர் கொடுத்ததுதான். புதுமைப்பித்தன் 1935இல் 'மணிக்கொடி'யில் எழுதிய 'துன்பக்கேணி'. வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. அந்தக் கதை தமிழில் இருந்ததாலேயே ஒன்று நடந்தது. யாரைப் பற்றிய கதையோ அந்த மக்களின் தரப்பிலிருந்து, எங்களை இப்படியா காட்டுவது என்ற எதிர்ப்பு கிளம்பியது. 2014இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து கதை நீக்கப்பட்டது. நீக்கியது சரியா தவறா என்று இலக்கியவாதிகள் சண்டை போட்டார்கள். நீக்கியது அவசரம் என்றே சொல்ல வேண்டும். ஆனாலும், கதையில் வருகிறவர்களின் பேரப்பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு எதிர்க்கேள்வி கேட்க முடிந்தது. கருப்பனின் பேரப்பிள்ளைகளுக்கு 2007 வரை அந்த வாய்ப்பே இல்லை.

சரி, வால்பாறைக் கதைக்கும் மாஞ்சோலைக்கும் என்ன சம்பந்தம்?

மாஞ்சோலைக்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். மணிமுத்தாறு அணையைத் தாண்டி வனத்துறைச் சோதனைச் சாவடி வழியாக மேலே ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. தாமிரபரணிக்கரை ஜனங்கள் மொத்தமாக 'எஸ்டேட்' என்று சொல்வது இதைத்தான். மழைக்காலத்தில் தமிழ்நாட்டிலேயே அதிக மழை என்று செய்தியில் அடிக்கடி வரும் ஊத்தும் நாலுமுக்கும் இங்கேதான் இருக்கின்றன. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன், 8,000 ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டை 99 வருடக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் கம்பெனிக்குக் கொடுத்தது. கருப்பனும் வள்ளியும் வால்பாறையில் குளிரிலும் அட்டைக்கடியிலும் கிடந்த அதே பத்தாண்டில்தான் திருநெல்வேலியின் சொந்த மலையிலும் காடு வெட்டித் தேயிலை வைக்கும் ஏற்பாடு நடந்தது. மலைதான் வேறு. கீழேயிருந்து ஏறிய ஜனம் ஒன்று. நிலமில்லாதவர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள். கேரளத்திலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு.

அந்தக் கம்பெனிக்கும் நாவலுக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. பர்மாவில் தேக்கு வெட்டிய கம்பெனி அது. 1885இல் மரக்கணக்கில் தகராறு என்று பர்மிய அரசவை அதற்கு அபராதம் போட, அதையே சாக்காக வைத்து பிரிட்டிஷ் படை மாண்டலேக்குள் நுழைந்தது. மன்னர் தீபா குடும்பத்தோடு நம் நாட்டு ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். அமிதவ் கோஷ் 2000இல் எழுதிய 'தி கிளாஸ் பேலஸ்' நாவல் தொடங்குவதே அந்தப் படையெடுப்பில்தான். தேக்குக் காடு, மலாயா ரப்பர் தோட்டம், அங்கே பால் வெட்டும் தமிழர்கள் என்று கதை விரிகிறது. கல்கத்தாக்காரர் ஆங்கிலத்தில் எழுதிய அந்த நாவலை நே வின் மியிண்ட் பர்மிய மொழிக்குக் கொண்டுபோனார். தங்கள் கடைசி ராஜாவின் கதையை பர்மியர்களும் ஆங்கிலம் வழியாகத்தான் ஒருமுறை திரும்பப் பெற வேண்டியிருந்தது. மாண்டலேயில் ஆரம்பித்த கதை மாஞ்சோலையில் வந்து நிற்கிறது. சரித்திரம் அவ்வளவு சின்ன ஊர்!

இப்படி வீடு திரும்பிய நாவல்களில் எல்லாவற்றுக்கும் பாட்டி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது 'மாக்ஸ் ஹாவலார்'.

எட்வர்ட் டௌவெஸ் டெக்கர் என்ற டச்சுக்காரர் ஜாவா தீவின் லெபாக் பகுதியில் 1856இல் உதவி ஆட்சியராக இருந்தார். விவசாயிகளைக் கசக்கிப் பிழிவதைப் பார்த்தார். புகார் எழுதினார். வேலையை ராஜினாமா செய்தார். ஐரோப்பாவுக்குத் திரும்பி, 'முல்ததூலி' என்ற புனைபெயரில் நாவல் எழுதினார். 1860இல் அது வந்தது. அதை வெளியிட உதவிய ஆசாமி செய்த வேலையைப் பாருங்கள். கதையில் வந்த ஊர்ப்பெயர்களையும் தேதிகளையும் எடுத்துவிட்டுப் புள்ளி வைத்தார். விலையையும் கூட்டி வைத்தார். புத்தகம் வர வேண்டும், ஆனால் ரொம்பப் பேர் கைக்குப் போய்விடக் கூடாது! புத்தகத்தைத் தடை செய்வதைவிட இது நாசூக்கான வழி. இன்றும் பல இடத்தில் செல்லுபடியாகிற வழி.

அப்படியும் அடக்க முடியவில்லை. 1868இல் ஆங்கிலத்தில் வந்தது. ஐரோப்பா முழுக்கப் பேசினார்கள். ஆனால் அந்த நாவலில் வரும் சைஜாவும் அதிண்டாவும், அதாவது எருமை பறிபோய், பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போகும் பையனும் அவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணும், தங்கள் நாட்டின் பொதுமொழியில் முழு நாவலாகப் பேசியது எப்போது தெரியுமா? 1972இல். எச்.பி.யாசின் இந்தோனேசிய மொழியில் பெயர்த்தபோதுதான். 112 வருடம். அந்த மொழிபெயர்ப்புக்காக அடுத்த வருடமே நெதர்லாந்து அவருக்கு மார்ட்டினஸ் நைஹாஃப் பரிசு கொடுத்தது. எந்த நாட்டைக் கூண்டில் ஏற்றிய நாவலோ, அந்த நாடே அதைத் திருப்பிக் கொண்டுபோனவருக்கு மாலை போட்டது.

1976இல் அது சினிமாவானது. இந்தோனேசிய அரசு பல வருடம் அந்தப் படத்தைத் திரையிட விடவில்லை. காரணம் சுவாரஸ்யமானது. நாவலில் டச்சுக்காரர்கள் மட்டும் கெட்டவர்கள் இல்லை. உள்ளூர்ப் பிரபுக்களும் தங்கள் ஜனங்களைச் சுரண்டுகிறார்கள். வெள்ளைக்காரனைத் திட்டினால் எல்லோருக்கும் இனிக்கும். நம்மாளும் சேர்ந்துதான் செய்தான் என்றால் கசக்கும்.

அந்தக் கசப்பு 'ரெட் டீ'யிலும் உண்டு. துரை தூரத்தில் இருக்கிறார். ஊருக்குள் வந்து ஆசை காட்டி அழைத்துப்போகும் மேஸ்திரி நம்மாள். கூலியில் பிடித்தம் செய்வது நம்மாள். ஆங்கிலத்தில் படிக்கும் ஒருவர் இதை வெள்ளைக்காரன் காலத்துக் கொடுமை என்று மூடி வைத்துவிட முடியும். தமிழில் படிக்கும்போது அது முடியாது. ஏன் என்பதற்கு இலக்கணத்திலேயே விடை இருக்கிறது.

ஆங்கிலத்தில் 'யூ' என்ற ஒரே சொல் போதும். துரை மேஸ்திரியிடம் 'யூ' என்பார். மேஸ்திரி கருப்பனிடம் 'யூ' என்பார். கருப்பன் டாக்டரிடமும் 'யூ' என்பான். படிக்கிறவருக்கு எல்லோரும் ஒரே உயரத்தில் நிற்பது போல ஒரு தோற்றம். தமிழில் கொண்டுவரும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவெடுத்தாக வேண்டும். நீயா, நீரா, நீங்களா? அதிலும் திருநெல்வேலித் தமிழ் என்றால் கேட்கவே வேண்டாம். 'ஏலே' என்று கூப்பிடுவது யார், 'வே' என்று பேசுவது யாரிடம், 'ஐயா'வில் தொடங்குவது யார், 'சாமி' என்று குனிவது யார்? மேஸ்திரியைவிடக் கருப்பன் பத்து வயது மூத்தவனாக இருந்தாலும் மேஸ்திரி அவனை ஒருமையில்தான் அழைப்பான். கருப்பன் பதிலுக்கு அப்படி அழைத்துவிட முடியுமா? ஆங்கிலத்தில் எழுதியபோது டேனியலால் கொண்டுபோக முடியாமல் போன சாதி, அந்தஸ்து, பயம் எல்லாம் தமிழுக்கு வந்ததும் வினைமுற்றுகளில் தானாக ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. மொழிபெயர்ப்பில் எதுவோ தொலைந்துபோகிறது என்று எப்போதும் சொல்வார்கள். இங்கே தொலைந்தது திரும்பக் கிடைத்தது.

தலைப்பையும் பாருங்கள். 'ரெட் டீ'யைச் 'சிவப்புத் தேநீர்' என்று போட்டிருந்தால், பால் ஊற்றாத கட்டன் சாயா என்று நினைத்துக்கொள்ள ஆள் உண்டு. ஆங்கிலத் தலைப்பில் அந்தச் சிவப்பு ரத்தம். 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தேயிலையும் இல்லை, சிவப்பும் இல்லை. குளிரும் நெருப்பும் ஒன்றாக நிற்கின்றன. கம்பளி இல்லாமல் மலையில் கிடந்தவர்களுக்கு அதுதான் பொருத்தம். அகராதியை மூடிவிட்டு யோசித்த தலைப்பு.

இரா.முருகவேள் கோவைக்காரர், வழக்கறிஞர். 'ஒரு பொருளாதார அடியாளின் வாக்குமூலம்' என்ற மொழிபெயர்ப்பும் அவருடையதே. பின்னால் 'மிளிர் கல்', 'முகிலினி' என்று சொந்தமாக நாவல்கள் எழுதினார். 'எரியும் பனிக்காடு' வந்தபோது, இது தமிழ் நாவல்தான் என்று நினைத்துப் படித்தவர்கள் நிறைய. மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிட நல்ல பாராட்டும் கிடையாது, இதைவிட மோசமான பலனும் கிடையாது. வேலை சரியாக நடந்திருந்தால் வேலை செய்தவர் கண்ணில் படுவதில்லை.

பிறகு 2013 வந்தது. பாலாவின் 'பரதேசி'.

அதற்குப் பிறகு கதை லட்சக்கணக்கானவர்களுக்குத் தெரிந்தது. அதர்வா, வேதிகா, தன்ஷிகா நடிப்பும் நாஞ்சில் நாடன் வசனமும் பேசப்பட்டன. உடையலங்காரத்துக்குப் பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது கிடைத்தது. நாவலைத் தழுவிய படம்தான். ஆனால் மயிலோடை போய்ச் சாலூர் ஆனது. அதைவிட முக்கியமான மாற்றம் டாக்டர். நாவலின் டாக்டர் ஆபிரகாம் நோயாளிகளுக்காக நிர்வாகத்தோடு மல்லுக்கு நிற்கும் மனிதர். டேனியலின் சாயல் அவரிடம் தெரியாமல் இருக்காது. படத்திலோ டாக்டர், சாகக் கிடக்கும் தொழிலாளர்கள் நடுவே ஆடிப் பாடி மதம் பரப்புகிறவராக மாறிவிட்டார். நாவலைப் படித்திருந்தவர்கள் கொதித்தார்கள். கோபம் நியாயமானது. சினிமாவுக்காகக் கதையை மாற்றலாம், ஊரை மாற்றலாம். கதையைச் சொன்னவரையே கேலிப்பொருள் ஆக்குவது வேறு விஷயம்.

ஆனாலும் படத்தால் நடந்த ஒரு நல்லதை மறுக்க முடியாது. படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடிப் போனார்கள். புத்தகத்தைப் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் எழுதிய டாக்டர் யார் என்று தேடினார்கள். 1969இல் ஆங்கிலத்தில் வந்தது, 2007இல் தமிழில், 2013இல் திரையில். வாசகர்கள் இதைப் பின்னாலிருந்து முன்னால் படித்தார்கள்.

தேயிலைக் கதைக்கு இந்த விதி புதிதல்ல. முல்க் ராஜ் ஆனந்தின் 'டூ லீவ்ஸ் அண்ட் எ பட்' 1937இல் லண்டனில் வெளியானது. பஞ்சாபிலிருந்து ஆசை காட்டி அஸ்ஸாம் தோட்டத்துக்கு அழைத்துப்போகப்படும் கங்குவின் கதை. அதிலும் தொழிலாளர் பக்கம் நிற்கும் ஒரு டாக்டர் உண்டு, வெள்ளைக்காரர். அதுவும் சினிமாவானது. கே.ஏ.அப்பாஸ் இயக்கி, தேவ் ஆனந்த் நடித்த 'ராஹி', 1953. ரெண்டு இலை, ஒரு துளிர் என்ற அந்தத் தலைப்பு, கொழுந்து கிள்ளும் எந்தப் பெண்ணுக்கும் விளக்காமலே புரியும். லண்டனில் படித்தவர்களுக்கு அடிக்குறிப்பு தேவைப்பட்டிருக்கும்.

மாஞ்சோலை இந்த வரிசையில் எங்கே நிற்கிறது?

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும், சிறையிலிருந்த தங்கள் ஆட்களின் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க ஆற்றுக்குள் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் செத்தார்கள். கைக்குழந்தையும் அதில் ஒன்று. அந்த நாளைப் பற்றி ஆர்.ஆர்.சீனிவாசன் 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படம் எடுத்தார். பின்னால் சினிமா இயக்குநராகப் பெயர் பெற்ற மாரி செல்வராஜின் முதல் சிறுகதைத் தொகுப்பின் பெயரே 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்'. கருப்பனைப் போல மாஞ்சோலைக்காரர்கள் ஒரு டாக்டரின் ஆங்கிலத்துக்காகக் காத்திருக்கவில்லை. படித்து மேலே வந்த பிள்ளைகள் இருந்தார்கள், கேமரா இருந்தது, தமிழில் அச்சடிக்க ஆள் இருந்தது. கதை தமிழிலேயே பிறந்தது.

இப்போது வேறு சிக்கல். குத்தகை 2028இல் முடிகிறது. சுற்றியுள்ள காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 2024இல் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று அறிவித்துத் தோட்ட வேலையை நிறுத்தியது. எங்களை இங்கேயே வாழ விடுங்கள், அரசே தோட்டத்தை நடத்தட்டும் என்ற வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது. மூன்று, நான்கு தலைமுறையாக மலையில் இருந்த குடும்பங்கள் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு என்று கீழே இறங்கிச் சிதறின. காடு காடாகட்டும் என்பவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்கான பில்லை யார் கையில் கொடுப்பது என்று யாரும் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆட்கள் சிதறினால் பேச்சும் சிதறும். லைன் வீடு, கங்காணி, கவ்வாத்து, கொழுந்து என்று எஸ்டேட்டுக்கென்று ஒரு தமிழ் இருக்கிறது. மாஞ்சோலையில் அதில் நெல்லைத் தமிழும் கொஞ்சம் மலையாளமும் கலந்து ஓடியது. எந்தச் சத்தத்துக்கு எழுந்தார்கள், மழைக்கு எதைப் போர்த்திக்கொண்டார்கள், அட்டை கடித்தால் எதைத் தடவினார்கள் என்பதெல்லாம் அந்தச் சொற்களுக்குள் இருக்கிறது. முருகவேள் தமிழாக்கியபோது வால்பாறையில் தேயிலை இருந்தது, தொழிலாளர்கள் இருந்தார்கள். ஒரு சொல்லில் சந்தேகம் என்றால் மலையேறிக் கேட்டுவர வழி இருந்தது. யாசினுக்கோ 112 வருடம் கழித்தும் ஜாவா இருந்த இடத்தில்தான் இருந்தது. லெபாக் பகுதியின் ரங்காஸ்பிதுங் நகரில் 2018இல் முல்ததூலி பெயரில் அருங்காட்சியகமே திறந்துவிட்டார்கள்.

மாஞ்சோலையைப் பற்றி நாளைக்கு ஒருவர் பெரிய நாவல் எழுதலாம். அதை வேறொருவர் ஆங்கிலத்துக்கோ டச்சுக்கோ கொண்டுபோகலாம். அவர் எங்காவது ஒரு வரியில் தடுக்கி, 'கவ்வாத்து' என்றால் என்ன என்று கேட்பார். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு மேல் போகவிடாமல் வெட்டி விடுவதற்குப் பெயர் அது. வெட்ட ஆளில்லாமல் விட்டால் செடி நிற்காது, வருடத்துக்கு வருடம் உயர்ந்து மரமாகிவிடும். அந்த மரத்தில் கொழுந்து விட்டாலும் நின்றபடி கைக்கு எட்டாது.